துண்டு எழுதாத ரவுட்டர்

போன மாதம் உங்களில் ஒருவர் டெலிபோனில் என்னிடம் கேட்டார். "டீச்சர், ரவுட்டருக்கு ஃபர்ம்வெயார் மாத்துறது பத்து நிமிஷ வேல. அதுக்கும் வேலைத் துண்டு எழுதணும், கஸ்டமர்கிட்ட கையெழுத்து வாங்கணும்னு சொல்றீங்க. இப்ப யாரு டீச்சர் அதெல்லாம் செய்றா?"

நான் கோபத்தில் டெலிபோனை வைத்துவிட்டேன். டெலிபோனில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன். பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் சின்னச் சின்னக் கடைகளில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் வாசியுங்கள். வாசித்த பிறகு, பத்து நிமிட வேலை என்று என்னிடம் இன்னொரு முறை சொல்லுங்கள், பார்க்கலாம்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தொண்ணூறுகளில் நான் பதுளையில் டைப்ரைட்டிங் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். டைப்ரைட்டர்கள் போய்க் கம்பியூட்டர்கள் வந்தபோது, அவை பழுதானால் கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் நானே மூடியைக் கழற்றினேன். அப்படித்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். பிறகு பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருந்த ஒரு கம்பியூட்டர் கடையில் பின்பக்க மேசை எனக்குக் கிடைத்தது. வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, "திருத்துற பாஸ் இல்லீங்களா?" என்று ரிப்பேர்காரரைத் தேடுவார்கள். "நான்தான் பாஸ். சாமானக் குடுங்க" என்பேன். இப்போது கண் சரியில்லை. ஈயம் வைத்து ஒட்ட முடியாது. தொழிலை விட்டுவிட்டேன். ஆனால் ஒரே ஒரு சனிக்கிழமை மட்டும் இன்னும் என்னை விடவில்லை. 

யுத்தத்தின் கடைசிக் காலம் அது. எங்கள் மலைப்பக்கத்தில் சண்டை இல்லை. ஆனால் பஸ்சை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையையும் பையையும் பார்ப்பார்கள். தமிழ்ப் பெயராக இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். மழைக்குக் குடை எடுப்பதுபோல, பையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வீட்டை விட்டு இறங்குவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டிருந்தது.

அந்தக் காலத்தில் ஒருநாள் பெரகலைக்குக் கீழே உள்ள ஒரு தோட்டத்தின் பெரிய கிளாக்கர் என் மேசைக்கு வந்தார். தோட்டத்தை நடத்தும் மேலாளரைத் தொரை என்போம்; ஆபீசில் அவருக்கு அடுத்தபடி இவர்தான். ஐம்பது தாண்டியவர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. ஒரு ரவுட்டரைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"எம் மகன் லண்டன்ல இருந்து அனுப்புனதுங்க டீச்சர். பேரப்புள்ள பொறந்திருக்கு. மொகத்தப் பாத்துப் பேசணும்னு வீட்டுல ஒரே அழுகை. எங்க குவார்ட்டர்சுக்கு இன்டர்நெட் லைன் குடுக்க மாட்டேங்கிறான். ஆபீசுல இருக்கு. அங்கேர்ந்து காத்துல வருமாம்ல?"

ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளைத்தான் ஃபர்ம்வெயார் என்கிறோம். கம்பனி போட்டு அனுப்பிய ஃபர்ம்வெயாரில் அவர் கேட்டதைச் செய்ய முடியாது. அதற்குத் தெரிந்தது லைனை வாங்கி வைஃபையாகக் கொடுப்பது மட்டும். ஆனால் அதை அழித்துவிட்டுத் திறந்த மூல ஃபர்ம்வெயாரைப் போட்டால், அதே பெட்டி தூரத்தில் இருக்கும் இன்னொரு வைஃபையைப் பிடித்து வீட்டுக்குள் கொடுக்கும். சக்தியையும் கொஞ்சம் கூட்டலாம். ஒரு நீளமான அன்ரனாவும் வைத்தால், ஆபீசுக்கும் குவார்ட்டர்சுக்கும் நடுவில் இருக்கும் தேயிலைச் சரிவைத் தாண்டிவிடும். இது எனக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பக்கத்தில் வேறு யாருக்கும் அப்போது தெரியாது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெருமையைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "தொரைக்குத் தெரியுமா?" கேட்கவில்லை. தெரியாது என்பது அவர் குரலைத் தாழ்த்திய விதத்திலேயே இருந்தது. ஆபீஸ் வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தார். "டீச்சர், பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துருங்க" என்றார். அவர் முன்னாலேயே கம்பியூட்டரில் பதிந்துகொண்டு கடதாசியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

துண்டு? துண்டும் எழுதவில்லை. எங்கள் கடையில் எந்தச் சாமான் வந்தாலும் ஒரு வேலைத் துண்டு எழுதுவோம்: யாருடையது, என்ன பழுது, என்ன செய்யச் சொன்னார், கீழே வாடிக்கையாளரின் கையெழுத்து. ஆனால் ஃபர்ம்வெயார் மாற்றுகிற வேலைக்கு மட்டும் முதலாளி வேறு சட்டம் வைத்திருந்தார். "கம்பனி சொப்ட்வெயாரை எடுத்தா வொரண்டி போயிரும். நாளைக்குக் கம்பனிக்காரன் எங்கிட்ட கேப்பான். செய்றதுனா செய்ங்க, துண்டு எழுதாதீங்க." வேலையும் நடக்க வேண்டும், அதன் நிழல் அவர் கடையில் விழவும் கூடாது. அந்தச் சட்டத்துக்கு நான் தலையாட்டினேன். முதலாளியைத் திட்டும்போதெல்லாம் ஆட்டிய அந்தத் தலையும் ஞாபகத்துக்கு வருகிறது.

கிளாக்கர் தினமும் டெலிபோன் எடுத்தார். அந்த அவசரத்தில், ஐப்பசி மாதத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு வேலையைத் தொடங்கினேன். பதுளையில் ஐப்பசி மாதத்துப் பிற்பகல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ரவுட்டருக்குள் புது ஃபர்ம்வெயாரைப் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது இடி இடித்தது, கரண்ட் போனது. என் கம்பியூட்டர் அணையவில்லை, அது யூபிஎஸ் பற்றரியில் இருந்தது. ரவுட்டரின் வயரை நான் சுவரில் செருகியிருந்தேன். எழுதுகிறவனுக்குப் பாதுகாப்புக் கொடுத்துவிட்டு, எழுதப்படுகிறதை மழையில் விட்டிருக்கிறேன். கரண்ட் வந்தபோது பெட்டி செத்திருந்தது.

இரண்டு நாள் போராடினேன். பலகையில் மூன்று கம்பிகளை ஈயம் வைத்து ஒட்டி, கம்பியூட்டரோடு இணைத்து, இன்டர்நெட்டில் யாரோ முகம் தெரியாத ஒருவர் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு கட்டளையாகக் கொடுத்து அதை எழுப்பினேன். திரையில் எழுத்து ஓடத் தொடங்கியபோது கடையில் தனியாக நின்று கைதட்டினேன். சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று மூன்று கம்பிகளும் அப்படியே இருக்கட்டும், மறுபடியும் செத்தால் உதவும் என்று விட்டுவிட்டேன். கம்பிகள் வெளியே வருவதால் மூடி சரியாகப் பூட்டவில்லை. கறுப்பு டேப்பால் நான்கு சுற்றுச் சுற்றினேன். நீளமான அன்ரனாவைப் பூட்டினேன். மேசையில் வைத்துப் பார்த்தபோது எனக்கு அது உயிர் பிழைத்த நோயாளி மாதிரித் தெரிந்தது. வேறு ஒருவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று நான் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

கடைக்கு வந்து எடுத்துப்போக முடியாது என்றார் கிளாக்கர். "ஆளுக பாப்பாங்க டீச்சர். சனிக்கிழமை நான் அப்புத்தளைக்கு வருவேன். ரயில் ஸ்டேஷனுக்கு ஏறுற எடத்துல பேக்கரி இருக்கே, அங்க யார்கிட்டயாவது குடுத்து விடுங்களேன்."

என் மகள் ரெபேக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக முடிவுக்குக் காத்திருந்தாள். சனிக்கிழமைகளில் அப்புத்தளையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு எடுக்கப் போவாள். "போற வழிதானே, குடுங்கம்மா" என்று பையில் வைத்தாள். பாடப் புத்தகங்கள், சோற்றுப் பார்சல், அதற்கு மேலே ரவுட்டர். மூன்று கம்பிகளின் நுனியும் பை வாயில் எட்டிப் பார்த்தன. நான்தான் அவற்றை உள்ளே தள்ளி ஸிப்பை இழுத்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு டெலிபோன் வந்தது. வழியில் ஒரு பொலிஸ் நிலையம், எது என்று இங்கே எழுதப்போவதில்லை. "பஸ்ல பையப் பாத்தோம். உங்க மகள் இங்க இருக்கா. வாங்க" என்றது ஒரு குரல், சிங்களத்தில். என் கணவர் அன்று கொழும்பில். நான் தனியாக ஓட்டோ பிடித்துப் போனேன். அந்தப் பாதையில் எத்தனை வளைவு என்று அன்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

ரெபேக்கா சுவரோரம் ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மடியில் கைகளைக் கோத்து வைத்திருந்தாள், விரல்கள் வெளுத்திருந்தன. மேசையில், ஒரு பத்திரிகைத் தாளின் மேல், ரவுட்டர் இருந்தது. யாரும் அதைத் தொடாமல் தள்ளி நின்றார்கள். அப்போதுதான் அதை மற்றவர்கள் கண்ணால் பார்த்தேன். கறுப்பு டேப் சுற்றிய பெட்டி, வெளியே நீளும் மூன்று நிறக் கம்பி, ஓர் அன்ரனா. கடவுளே, இதையா என் பிள்ளையின் பையில் வைத்தேன்?

இன்ஸ்பெக்டர் ஐம்பது வயதுக்காரர். கத்தவில்லை, கை ஓங்கவில்லை. நாங்கள் பேசியது சிங்களத்தில், நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"இத யாரு செஞ்சது?"

"நான் சேர்."

அவர் வாங்கைப் பார்த்தார். "அந்தப் புள்ள ரெண்டு மணித்தியாலமா 'நான்தான் செஞ்சேன், அம்மாவுக்கு ஒன்னும் தெரியாது'ங்குது."

நான் திரும்பிப் பார்த்தேன். ரெபேக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈயம் ஒட்டும் இரும்பை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"சரி. இது யாருது?"

கிளாக்கரின் பெயரைச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் தோட்டத்து ஆபீசுக்கு டெலிபோன் எடுத்தார். பேசிவிட்டு வைத்தார். "அப்படி ஒரு சாமான் அவர் யாருக்கும் குடுக்கலியாம். உங்கள யாருன்னே தெரியாதாம்."

 அந்த மனிதர் நாலு நாளாக ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்னிடம் பேசியவர். பேரப்பிள்ளையின் போட்டோவைக் காட்டியவர்.

"கடைக்குக் கேளுங்க சேர்" என்றேன். கேட்டார். முதலாளி சொன்ன பதில் டெலிபோனுக்கு வெளியே எனக்கும் கேட்டது. "துண்டுப் புத்தகத்துல அப்படி ஒரு வேல இல்லீங்க சேர். நான் பாத்துட்டேன்." அவர் பொய் சொல்லவில்லை. புத்தகத்தில் இல்லைதான். இன்றுவரை எனக்கு ஆறாத ஆத்திரம் அதுதான். அவர் பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாடு, வேண்டிய நேரத்தில் அவருக்கு ஓர் உண்மையைக் கையில் கொடுத்தது. என் பிள்ளையை அந்த வாங்கில் இருத்தி வைப்பதற்கு அந்த உண்மை போதுமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார். "மிஸ், செஞ்சது நான்தான்னு ரெண்டு பேர் சொல்றீங்க. இது என்னோடதுன்னு சொல்ல ஒருத்தரும் இல்ல. மேல எழுதி அனுப்பாம நான் என்ன செய்றது?"

மேலே எழுதி அனுப்புவது என்றால் என்னவென்று அந்தக் காலத்தில் தமிழ்ப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அந்தப் பிள்ளை அன்று வீட்டுக்கு வராது. எப்போது வரும் என்று கேட்கவும் ஆள் இருக்காது.

"இது வெறும் இன்டர்நெட் பொட்டி சேர். கரண்ட் குடுங்க, காட்டுறேன்" என்றேன்.

முதலில் மறுத்தார். பிறகு எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என்னையே செருகச் சொன்னார். செருகினேன். பச்சை விளக்குகள் எரிந்தன. "விளக்கு எதுலயும் எரியும்" என்றார். அங்கே தட்டச்சு வேலைக்கு ஒரு கம்பியூட்டர் இருந்தது. அதோடு வயரால் இணைத்து, ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தேன். திறந்த மூல ஃபர்ம்வெயாரின் பெயர் திரையில் பெரிதாக வந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் தொடங்கியது.

இன்ஸ்பெக்டர் குனிந்து பெட்டியின் அடியில் இருந்த கம்பனிப் பெயரை வாசித்தார். நிமிர்ந்து திரையை வாசித்தார்.

"பொட்டியில ஒரு பேர். உள்ள வேற பேர். ஏன்?"

"கம்பனியோடத அழிச்சிட்டு வேற போட்டேன் சேர்."

"வேறன்னா யாரோடது?"

"தனியா ஒருத்தரோடது இல்ல. உலகம் முழுக்கப் பல பேர் சேந்து எழுதுறாங்க. யாரும் எடுக்கலாம், மாத்தலாம்."

"எந்த நாடு?"

"பல நாடு."

"அவங்களுக்கு என்ன கிடைக்குது?"

"ஒன்னும் இல்ல. சும்மா குடுக்குறாங்க."

பின்னால் நின்ற கான்ஸ்டபிள் ஒருவர் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. விரலை மடக்கி எண்ணினார். "யாருன்னு தெரியாத ஆளுங்க, எந்த நாடுன்னு தெரியாத எடத்துல இருந்து, சும்மா குடுத்தத நீங்க வாங்கி, இன்னொரு கம்பனிப் பொட்டிக்குள்ள போட்டு, கம்பிய வெளிய விட்டு, டேப் சுத்தி, சோத்துப் பார்சலோட சேத்துப் பிள்ளைக்கிட்ட குடுத்து பஸ்ல அனுப்பியிருக்கீங்க. நான் சொல்றதுல எது பிழை?"

ஒன்றும் பிழையில்லை. திறந்த மூலத்தைப் பற்றி நீங்கள் கூட்டம் போட்டு அழகாகப் பேசுகிறீர்கள். நானும் பேசியிருக்கிறேன். அன்று அந்த அழகான வார்த்தைகள் ஒவ்வொன்றும் என் பிள்ளைக்கு எதிரான சாட்சியாக மாறுவதை நின்று பார்த்தேன்.

இனி என்னிடம் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. திரையில் அடுத்த பக்கத்தைத் திறந்தால், இந்தப் பெட்டி எந்த வைஃபையைப் பிடிக்க வேண்டும் என்று நான் பதிந்தது இருக்கும். அதில் தோட்டத்தின் பெயர் இருக்கும், தொரையின் ஆபீஸ் பாஸ்வேர்ட் இருக்கும். அதற்குக் கீழே, வீட்டுக்குள் வரும் வைஃபைக்கு கிளாக்கர் ஆசையாகக் கேட்டு வைத்த பெயர், அவருடைய மகனின் பெயர், இருக்கும். அதைக் காட்டினால் ரெபேக்கா வீட்டுக்கு வருவாள். முப்பது வருடம் ஆபீசில் நல்ல பெயர் எடுத்த மனிதர் திருடன் ஆவார்.

எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று கேட்பீர்கள். வாங்கைத் திரும்பிப் பார்க்கும் நேரம். ரெபேக்கா லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. நான் அழுத்தினேன்.

இன்ஸ்பெக்டர் தோட்டத்தின் பெயரை மெதுவாக வாசித்தார். பிறகு தொரையின் பங்களாவுக்கு டெலிபோன் எடுத்தார். அந்தப் பாஸ்வேர்ட் யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டார். தனக்கும் பெரிய கிளாக்கருக்கும் மட்டும் என்று பதில் வந்தது.

ஒரு மணித்தியாலத்தில் தோட்டத்து ஜீப் வந்தது. கிளாக்கர் இறங்கினார். அதே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. இன்ஸ்பெக்டர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். என்னைப் பார்க்கவில்லை. ரெபேக்காவையும் பார்க்கவில்லை. மேசையில் இருந்த ரவுட்டரைப் பார்த்து, "சேதம் ஒன்னும் ஆகலீங்களே?" என்று கேட்டார். அது ஒரு பொலிஸ் நிலையமாக இல்லாமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

நாங்கள் புறப்படும்போது இன்ஸ்பெக்டர் மேசை இலாச்சியிலிருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்து என்னிடம் நீட்டினார். "அந்தக் கம்பிய இங்கேயே வெட்டிட்டுப் போங்க மிஸ். இனிமே ஒரு கடதாசி இல்லாம சாமான் அனுப்பாதீங்க." மூன்று கம்பிகளையும் வெட்டினேன். 

 திரும்பி வரும் ஓட்டோவில், ஹாலிஎல ஊரைத் தாண்டியதும், ரெபேக்கா சொன்னாள்: "நீங்க அத அழுத்தாம இருந்திருக்கலாம்மா. கொஞ்சம் பொறுத்திருந்தா அவரே வந்திருப்பாரு."

"வந்திருக்க மாட்டாரு."

"பயந்துட்டாரும்மா. நானும்தான் பயந்தேன்."

"நீ பயந்து பொய் சொன்னது என்னைக் காப்பாத்த. அவரு பொய் சொன்னது அவரைக் காப்பாத்த. ரெண்டும் ஒன்னாடி?" என்று ஓட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிளாக்கரை வேலையை விட்டு நீக்கவில்லை. மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குச் சின்னக் கிளாக்கராக மாற்றினார்கள். அந்தப் பாதை உங்களுக்குத் தெரியும். ஒரு பஸ் போனால் அடுத்த பஸ் நிச்சயமில்லை. கோயிலில், கலியாண வீட்டில், சந்தையில் ஆட்கள் என்னிடம் சொன்னார்கள்: "ஒரு மனுசன்ட பொழப்பையே கெடுத்துட்டீங்களே டீச்சர்." பத்தொன்பது வயதுப் பிள்ளை மூன்றரை மணித்தியாலம் அந்த வாங்கில் இருந்ததைப் பற்றி அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. மறுபடி அந்த இடத்தில் நின்றால் மறுபடியும் அழுத்துவேன். ஆனால் இதையும் சொல்ல வேண்டும். ஒரு துண்டு எழுதியிருந்தால் அழுத்த வேண்டி வந்திருக்காது. "தொரைகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க ஐயா" என்று முதல் நாளே சொல்லியிருந்தால், அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்க் கேட்டிருப்பார். ஒருவேளை அனுமதியும் கிடைத்திருக்கும். ஒரு வாய்க் கேள்வியையும் ஒரு கையெழுத்தையும் மிச்சம் பிடித்து நாங்கள் எல்லோரும் என்ன வாங்கினோம், பாருங்கள்.

திங்கட்கிழமை முதலாளி ஒன்றும் நடக்காததுபோல, "டீச்சர், ஒரு ரவுட்டர் வந்திருக்கு, அந்த சொப்ட்வெயார் போடணுமாம், துண்டு வேணாம்" என்றார். என் ஈயம் ஒட்டும் இரும்பையும் திருகாணிச் சாவிகளையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். எங்கள் வீட்டு முன்னறையில் மேசை போட்டேன். வாசலில் முதலில் தொங்கவிட்டது துண்டுப் புத்தகம்.

இரண்டு வருடம் கழித்து, யுத்தம் முடிந்த பிறகு, ஒரு சனிக்கிழமை காலையில் வாசலில் வெள்ளைச் சட்டை ஒன்று நின்றது. மெலிந்திருந்தார். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய அதே ரவுட்டர்.

"டீச்சர், மடுல்சீமையில வீட்டுக்கே லைன் குடுத்துட்டாங்க. இத பழையபடி கம்பனி சொப்ட்வெயாருக்கே மாத்திக் குடுத்தா நல்லது. ரெண்டு கடையில கேட்டேன். ஒங்ககிட்டதான் போகச் சொன்னாங்க."

கையில் எடுத்து எறிய என் மேசையில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். பிறகு துண்டுப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"எழுதுங்க."

பெயர் எழுதினார். விலாசம் எழுதினார். "கையெழுத்து எங்கீங்க?"

"அதுக்கு முன்னால ஒரு வரி. 'இந்த ரவுட்டர் என்னுடையது.' எழுதுங்க."

"எதுக்குங்க டீச்சர்?"

"எழுதுங்க ஐயா."

 ஆபீஸ் கணக்கு எழுதிப் பழகிய கை, முத்து முத்தான எழுத்து. எழுதி, கையெழுத்துப் போட்டு, என் பக்கம் தள்ளினார். நான் துண்டைக் கிழித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"இது எனக்கு வேணாம். மகள் பல்கலைக்கழக லீவுல வந்திருக்கா. உள்ளதான் இருக்கா. அவகிட்ட காட்டுங்க."

அவருக்கு முகம் சிவந்தது. திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போக வேண்டும் என்றுதான் விரும்பினேன், அப்போது என் கோபம் முழுசாக என்னிடமே இருந்திருக்கும். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்தத் துண்டை இரண்டு கையாலும் பிடித்தபடி உள்ளே போனார்.

உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. குரல் கேட்கவில்லை. நான் ரவுட்டரின் டேப்பைப் பிரித்தேன். வெட்டிய கம்பிகளின் அடிக்கட்டையை உருக்கி எடுத்தேன். அதற்கும் கம்பியூட்டருக்கும் சேர்த்து யூபிஎஸ்சில் இணைப்புக் கொடுத்தேன். பழைய ஃபர்ம்வெயாரை எழுதி முடித்து, மூடியை வைத்து, நான்கு திருகாணிகளையும் பூட்டினேன். நல்ல வேலை. யாருக்கு என்பதற்காக நான் வேலையைக் குறைக்கவில்லை, நீங்களும் குறைக்காதீர்கள்.

ரெபேக்கா கதவோரம் வந்து நின்றாள். கண் ஈரமாக இருந்தது.

"அம்மா, அவருக்கு ஒரு தேத்தண்ணி ஊத்துங்க. அங்கேர்ந்து விடிய முன்ன பஸ் ஏறியிருக்காரு."

"நீ ஊத்து."

"நீங்க ஊத்துங்கம்மா."

எழுந்து போய் ஊற்றினேன். சீனி போடவில்லை.